தவலையில் வெட்டியிருந்த பேர்

மனோரஞ்சிதம்கிறது நீங்கதானே? கதவைச் சாத்தாதீங்க. நான் ஒண்ணும் விக்க வரல. கோவில்பட்டியில இருந்து வரேன். குருசாமி மகள். ஆமா, அந்தக் குருசாமிதான், லாரி புக்கிங் ஆபீஸ் குருசாமி. உங்களுக்கு முதல்ல... சரி, சரி, சத்தத்தைக் குறைச்சுப் பேசறேன். உள்ள வரலாமா? வெயில் மண்டையைப் பிளக்குது.

இந்தத் தெருவுல யாருக்குமே உங்களைத் தெரியல. முக்குக் கடையில கேட்டேன். குழாயடியில நின்ன அக்காங்ககிட்ட கேட்டேன். "மனோரஞ்சிதமா? அப்படி இங்க யாரும் இல்லையே"ன்னுட்டாங்க. கையில கதவு நம்பர் இருந்ததால பிழைச்சேன். நம்பர் உங்க தம்பி கொடுத்தது. சாத்தூர்ல சைக்கிள் கடை வெச்சிருக்காரே, அவர்தான். உங்க பாத்திரம் ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு, அதைப் பத்திப் பேசணும்னு சொன்னேன், கொடுத்துட்டார். "அங்க போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்காத பாப்பா"ன்னும் சொன்னார். ஏன்னு கேட்டேன். டியூபைத் தண்ணியில முக்கிட்டே இருந்தார். காரணம் சொல்லாம எதைச் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். ஸ்கூல்லயும் இதே பிரச்சினைதான்.

ஸ்கூலுக்கு இப்ப போகல. ப்ளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். ஃபெயில் எல்லாம் இல்ல, பிடிக்கல, அவ்வளவுதான். ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல நிக்கிறேன். இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன், வயித்து வலின்னு. என் பேர் ஸ்வேதா. எங்க கிளாஸ்ல நாலு ஸ்வேதா. அதுல ரெண்டு பேருக்கு இனிஷியலும் ஜி. அதனால நான் ஒல்லி ஸ்வேதா.

தண்ணி போதும். நீங்க உட்காருங்க. நின்னுட்டே இருந்தா எனக்குப் பேச வராது.

நேரா விஷயத்துக்கு வரேன். எங்க அண்ணனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை பேர் வைக்கிறாங்க. உங்க பேரை வைக்கப் போறாங்க. நீங்க வைக்கக் கூடாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

என்ன இப்படிப் பார்க்கறீங்க? நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேனா? சரி, முதல்ல இருந்தே சொல்றேன்.

எங்க அண்ணி பேர் நித்யா. அம்மா இல்லாத பொண்ணு. அதனால பிரசவம் பார்த்தது எங்க வீட்டுலதான். எங்கம்மாதான் எல்லாம் செஞ்சாள். பத்தியச் சாப்பாடு, லேகியம், காலை நீட்டிப் பாப்பாவைப் போட்டுக் குளிப்பாட்டறது, சாம்பிராணி போடறது, எல்லாம். அண்ணி அத்தைன்னு கூப்பிடறதை விட்டுட்டு அம்மான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாள். பெத்த பொண்ணு நானே அவ்வளவு பாசமாக் கூப்பிட்டதில்ல.

அண்ணிக்குப் பேர் விஷயத்துல ஒரு பிடிவாதம். தடுப்பூசி போடப் போன இடத்துல நர்ஸ் "யாழினி"ன்னு கூப்பிட்டிருக்கு. மூணு அம்மாங்க எழுந்து நின்னிருக்காங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாள். "எம்பொண்ணு பேரைக் கூப்பிட்டா எம்பொண்ணு மட்டும்தான் திரும்பணும். விண்டேஜ் பேர்தான் வைக்கணும்." விண்டேஜ்னா வேற ஒண்ணும் இல்ல, பழசு. பழசுன்னு சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க. எங்க கடையிலயும் கறுத்துப்போன கம்மலை விண்டேஜ்னு சொல்லித்தான் தள்ளறோம்.

தினம் போன்ல தேடித் தேடி ஒரு பேர் சொல்லுவாள். அலமேலுமங்கை, செண்பகவடிவு, நாகரத்தினம்னு. அண்ணன் சும்மா இருக்க மாட்டான். "நித்யா, முதல்ல பிள்ளைக்குப் பல்லு முளைக்கட்டும். இந்தப் பேருக்கெல்லாம் நேரா பல்செட்தான் வாங்கணும்"பான். "உங்க பேர் மட்டும் என்னவாம், மாரிக்கண்ணன். வருஷம் பூரா வறட்சி"ம்பாள் அவள். நல்லாத்தான் இருந்தது வீடு. அம்மா சிரிச்சிட்டே பூண்டு உரிப்பாள்.

கெடுத்தது நான்தான்.

பதினெட்டாம் நாள் வெந்நீர் போடற அண்டா ஓட்டை ஆயிடுச்சு. அண்ணன் பரண்ல ஏறித் துழாவி ஒரு பித்தளைத் தவலையை இறக்கினான். கவுத்து, சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருந்ததாம். கரியா இருந்தது. நான்தான் புளி போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்கக் கழுத்துல புள்ளி புள்ளியா எழுத்து வந்தது. சும்மா இருந்திருக்கலாம்ல? சத்தமா வாசிச்சேன். "சு. மனோரஞ்சிதம்."

அண்ணி ஓடி வந்தாள். பச்சை உடம்புக்காரி ஓடக் கூடாது, ஓடி வந்தாள். "இன்னொரு தடவை சொல்லு ஸ்வேதா!" சொன்னேன். "யாரும்மா இது மனோரஞ்சிதம்?" அம்மா கையில சாம்பிராணிக் கரண்டி இருந்தது. அதையே பார்த்துட்டு, "யாரோ. பழைய பாத்திரக் கடையில எடுத்தது. எவ வீட்டுப் பாத்திரமோ"ன்னாள்.

அங்கதான் மாட்டிக்கிட்டாள். நம்ம வீட்டு ஆள் பேர்னு சொல்லியிருந்தாலாவது மரியாதைக்குக் கொஞ்சம் யோசிச்சிருப்பாங்க. யாருதோன்னு சொன்னதும் அண்ணிக்குக் கொண்டாட்டம் ஆயிடுச்சு. பாப்பாவுக்கு மகம் நட்சத்திரம், ம-வுலதான் பேர் ஆரம்பிக்கணும். மகத்துல பிறந்தவ ஜகத்தை ஆளுவாள்னு வேற சொல்லுவாங்கள்ல. "சாமியே எழுதி அனுப்பியிருக்கும்மா!"ன்னு எங்கம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டாள்.

அப்ப வெளியில பேப்பர் படிச்சிட்டு இருந்த எங்கப்பா வாயைத் திறந்தார். "நல்ல பேர்தான். வைங்க"ன்னார்.

எங்கப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். அதுல மூணை எடுத்து இதுக்குச் செலவு பண்ணினார்.

மறுநாள் அம்மா பாப்பாவைக் குளிப்பாட்ட வரல. முட்டி வலின்னாள். அம்மாவோட முட்டி வலி எனக்குத் தெரியும். தெருவுக்கே கேட்கற மாதிரி புலம்புவாள். இது சத்தமே இல்லாத வலி. கொல்லையில துணி துவைக்கற கல்லுல உட்கார்ந்திருந்தவளைப் போய்ப் பிடிச்சேன். "என்னன்னு சொல்லு, இல்லேன்னா அண்ணியைக் கூப்பிடுவேன்"னேன். அப்பத்தான் சொன்னாள். அப்பாவுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆச்சு, நாலு வருஷம் இருந்தாங்க, பிள்ளை இல்லைன்னு ஊர்ப் பெரியவங்களை வெச்சுப் பேசித் தீர்த்து அனுப்பிட்டாங்கன்னு. உங்க சீரை எல்லாம் லிஸ்ட் போட்டு வேன்ல ஏத்திச் சாத்தூருக்கு அனுப்பி விட்டாங்களாமே. இந்தத் தவலை மட்டும் அன்னிக்குப் பக்கத்து வீட்டுப் பால்காய்ச்சுக்கு இரவல் போயிருந்திருக்கு. நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு. அதை எடுத்துட்டுப் போய் உங்ககிட்ட கொடுக்க ஒருத்தருக்கும் முகம் இல்ல. அடுத்த வருஷம் அம்மா கல்யாணமாகி வந்தப்ப அடுப்பங்கரையில அது இருந்திருக்கு. முதல் நாள் சோத்துக்குத் தண்ணி வெச்சதே அதுலதானாம். தேய்ச்சு வெக்கும்போதுதான் பேரைப் பார்த்திருக்காள்.

"விக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். "இன்னொருத்தி சீரை வித்துத் தின்னா உருப்படுமாடி?"ன்னாள். அதுக்குத்தான் பரண்ல சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்காள். முப்பத்திரண்டு வருஷம்.

எங்க அண்ணனுக்கே இது தெரியாது. அவனுக்கு முப்பத்தொரு வயசு. அம்மா வந்த பத்தாம் மாசம் பிறந்தவன். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம், நான் யாரும் எதிர்பார்க்காம வந்தவள்.

"அண்ணிகிட்ட சொல்லிடு"ன்னேன். "என்னன்னு சொல்ல? உங்க மாமனாருக்கு நான் ரெண்டாந்தாரம்னா? பொண்ணு பேசப் போனப்ப சொல்லாததை இப்பச் சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாள்?"னாள். "அப்ப பேர் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லு"ன்னேன். "பிடிக்கலைன்னா ஏன்னு கேட்பாளே"ன்னாள். அப்புறம் ஒண்ணு சொன்னாள். "உங்கப்பா இத்தனை வருஷத்துல என்னைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்ல. ஏய், இந்தா, அவ்வளவுதான். அந்தப் பேர் மட்டும் நல்ல பேராம்."

பொறாமை, வேற என்ன? வயசான காலத்துல பொறாமை. ஆனா அதோட விடல. "பிள்ளை இல்லாம வயிறு எரிஞ்சு போனவடி அவள். அவ பேரை என் பேத்தி தலையில கட்டினா, அந்த எரிச்சல் எங்க போகும்?"னு அழுதாள். என் தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கினாள், தெரியாதவங்க யாருக்கும் இதைச் சொல்லக் கூடாதுன்னு.

அதான் யோசிச்சேன். உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. உங்ககிட்ட சொன்னா சத்தியம் உடையாதுல்ல?

அன்னியில இருந்து அம்மா ஒரு வேளைதான் சாப்பிடறாள். பாப்பா அழுதாலும் தூக்கறதில்ல. "பாப்பாவைப் பாருங்க"ன்னு எங்களைத்தான் கூப்பிடறாள். அண்ணி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு என் மேல என்ன கோவம் ஸ்வேதா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"னு கேட்டு அழறாள். ரெண்டு பேருக்கும் நடுவுல நான். வாய் திறந்தா அம்மா போச்சு, திறக்கலேன்னா அண்ணி போச்சு. எனக்கு வாயை மூடிட்டு இருந்து பழக்கமே இல்ல. இன்னொண்ணு, எங்க பக்கம் அத்தைதான் பிள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். அந்த அத்தை நான். அம்மா எதிர்ல உட்கார்ந்திருப்பாள். எப்படிச் சொல்ல?

அண்ணன்கிட்டயும் சுத்தி வளைச்சுப் பேசிப் பார்த்தேன். "பேர் ரொம்ப நீளம்டா"ன்னேன். "வீட்டுல ரஞ்சின்னு கூப்பிட்டுக்கலாம்"னான். என்னமோ பண்ணித் தொலைங்கடான்னு வந்துட்டேன்.

இதைப் பாருங்க, பத்திரிகை. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அந்தத் தவலையில இருக்கற எழுத்தையே போட்டோ எடுத்துப் பெரிசாப் போட்டிருக்காள். கீழ இருக்கறதுதான் பாப்பா. கண்ணு மை அப்பி இருக்கறதால பெரிசாத் தெரியுது.

தேய்க்காதீங்க, போட்டோ நகருது. கொடுங்க, நான் பெரிசு பண்ணித் தரேன்.

என்ன? உங்கப்பாவா? பக்கத்துல நின்னு வெட்ட வெச்சாரா? வெட்டறவர் பேர் நீளம்னு சலிச்சுக்கிட்டாரா... அதுக்கு உங்கப்பா "எம்மக பேர்ல ஒரு எழுத்து குறையக் கூடாது"ன்னாரா. சரிதான். நல்ல மனுஷர்தான். இப்ப இருக்காரா? ஓ.

கண்ணைத் துடைச்சுக்கோங்க. நீங்க அழுவீங்கன்னு நினைக்கல. கோவப்படுவீங்க, கத்துவீங்கன்னுதான் நினைச்சேன். அப்படிக் கத்தினா எனக்கு வசதியா இருந்திருக்கும்.

அது யாரு, அந்தப் போட்டோவுல? பட்டம் வாங்கற அக்கா. உங்க பொண்ணா? சொந்தப் பொண்ணா? நீங்க பெத்த பொண்ணா?

அப்ப பிள்ளை இல்லைன்னு உங்களை எதுக்கு அனுப்பினாங்க?

சரி, விடுங்க. நான் கேட்டது தப்பு. நாலு வருஷம் பொறுத்தவங்க இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா நானும் இல்ல, எங்க அண்ணனும் இல்ல, இந்தப் பாப்பாவும் இல்ல. யோசிச்சா தலை சுத்துது. அப்ப எங்கம்மா சொன்ன வயித்தெரிச்சல் எல்லாம் சும்மாவா? அந்த அக்காவுக்குத் தெரியுமா, நீங்க முன்னாடி... தெரியாதா? ரெண்டு வீட்டுலயும் இதே வியாதிதான்.

நேரம் ஆகுது. நான் ஒரு திட்டம் வெச்சிருக்கேன், கேளுங்க. நீங்க யாருன்னு சொல்ல வேண்டாம். அண்ணி நம்பரைப் போட்டுத் தரேன். "அந்தத் தவலை எங்க வீட்டுது. பத்திரிகையைப் பார்த்தேன். அதுல இருக்கறது எங்க வீட்டுப் பொண்ணு பேர், சின்ன வயசுலயே அகாலமாச் செத்துப்போயிட்டாள், அந்தப் பேரைப் பச்சைப் பிள்ளைக்கு வைக்காதம்மா" அப்படின்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு வெச்சிடுங்க. அண்ணி விண்டேஜ் எல்லாம் பேசுவாள், ஆனா பூனை குறுக்க போனாக் கூட நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போற ஆள். உடனே மாத்திடுவாள். அம்மா பாப்பாவைத் தூக்கிடுவாள். எல்லாம் முடிஞ்சிடும்.

ஏன் சிரிக்கறீங்க?

என்ன சொல்றீங்க? அது உங்க பேர் இல்லையா? சாந்தியா? எப்ப இருந்து?

இந்த வீட்டு வாசப்படியிலயேவா? ஆரத்தித் தட்டை இறக்கறதுக்கு முன்னாடியேவா? "ஒரு வீட்டுல இருந்து திரும்பி வந்த பேர் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்"னு உங்க மாமியார் சொன்னாங்களா? நீங்க பேசாம இருந்தீங்களா? நானா இருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பேன். ஆமா... எங்க திரும்பிப் போறது. அதுவும் சரிதான்.

ரேஷன் கார்டுலயும் சாந்திதானா? ஆதார்லயும்? உங்க தம்பி கூட அப்படித்தான் கூப்பிடறாரா? அதான் அந்த மனுஷர் அப்படிச் சொன்னார். உங்கப்பா மட்டும் கடைசி வரைக்கும் பழைய பேரையே கூப்பிட்டாரா. அவர் போனதுக்கப்புறம் இன்னிக்கு நான்தான் முதல் ஆளா?

கதவைத் திறந்ததும் நீங்க ஏன் அப்படி நின்னீங்கன்னு இப்பத்தான் தெரியுது.

சரி, அப்ப ஒண்ணு. இது நமக்கு நல்லதுதானே? அந்தப் பேர்ல ஆளே இல்ல. போயிட்டாள்னு சொன்னா அது பாதி உண்மைதான். ரிங் போகட்டுமா? பேசுங்க. ரெண்டே வரி.

ஏன் தலையை ஆட்டறீங்க?

"அதை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்"னா என்ன அர்த்தம்? நீங்கதானே விட்டுட்டீங்க அந்தப் பேரை? முப்பது வருஷமா சாந்தின்னு கூப்பிட்டா திரும்பறீங்க. இப்ப வந்து... இல்ல, நான் கோவப்படல. என் குரலே இப்படித்தான்.

வைக்கட்டும்னு சொல்றீங்களா? எங்க வீட்டுலயேவா? எந்த வீட்டுல இருந்து வெளியில அனுப்பினாங்களோ அதே வீட்டுலயா? நாள் பூரா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, ரஞ்சி சாப்பிடு, ரஞ்சி ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு. எங்கப்பா கூப்பிடுவார். உங்களுக்கு அது நல்லாவா இருக்கும்?

நல்லா இருக்கும்கிறீங்க.

இருங்க, இருங்க. நான் உங்களை வேண்டாம்னு சொல்ல வைக்கத்தான் வந்தேன். நீங்க சரின்னு சொன்னா நான் எங்க போவேன்? நீங்கதான் கடைசி ஆள். உங்களுக்கு மேல கேட்க வேற யாரும் இல்ல எனக்கு.

என்னது? எங்கம்மா பேரா? பேச்சியம்மாள். எதுக்குக் கேட்கறீங்க? அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல, அம்மா பேரைக் கேட்கறீங்க.

"பேச்சியம்மாகிட்ட எனக்கு ஒரு எரிச்சலும் இல்லைன்னு சொல்லு"ன்னா எப்படிச் சொல்றது? நான் இங்க வந்ததே அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சத்தியத்தை மீறிட்டேன்னு என் மூஞ்சியில முழிக்க மாட்டாள். அவ சாப்பிடறதுக்கு அந்த ஒரு வரி போதும்னு எனக்கும் தெரியுது. உங்களுக்குப் பொண்ணு இருக்குங்கறதைச் சொன்னாலே பாதி சரியாயிடுவாள். ஆனா நான் கொண்டு போக முடியாது. நீங்களும் வந்து சொல்ல முடியாது. போன்லயும் பேச முடியாது. போங்க, இதுக்கு நான் வராமலேயே இருந்திருக்கலாம். வரலேன்னா நீங்க அந்தப் பேர் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னாவது நினைச்சிட்டு இருந்திருப்பேன்.

காதுல வேற ஏதாவது பேரைச் சொல்லிடலாம்னும் யோசிச்சேன். யாருக்குக் கேட்கப் போகுது? ஆனா ஞாயித்துக்கிழமை காதுல நான் என்ன சொன்னாலும் திங்கட்கிழமை அண்ணன் பிறப்புச் சர்டிஃபிகேட்டுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போறது அந்தப் பேரைத்தான்.

ஏன் எழுந்துட்டீங்க? ஸ்கூட்டி சத்தமா? உங்க பொண்ணா? சீக்கிரம் வந்துட்டாங்களா?

பயப்படாதீங்க. உள்ள போக வேண்டாம், இங்கயே நில்லுங்க. முகத்தைத் துடைங்க. முந்தானையில துடைங்க, சீக்கிரம். எனக்குப் பொய் சரியா வராது, ஆனா சொல்லிடறேன்.

வணக்கம்க்கா. இல்லக்கா, தெரிஞ்சவங்க இல்ல. வீடு மாறி வந்துட்டேன். கோவில்பட்டி. மனோரஞ்சிதம்னு ஒருத்தங்களைத் தேடி வந்தேன். இங்க அப்படி யாரும் இல்லையாம். வெயிலா இருக்குன்னு அம்மா உட்கார வெச்சுத் தண்ணி கொடுத்தாங்க.

ஆமாக்கா, நல்ல பேர்தான். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

வரேங்கம்மா.